கிட் காரில் மூக்கும் பானெட்டும் சேர மாட்டேங்குது, வழி சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டையில் வீட்டு ஷெட்டிலேயே ஒரு கிட் கார் (பாகங்களைச் சேர்த்து நாமே பூட்டும் கார்) கட்டிக்கொண்டிருக்கிறேன். 1957இல் வந்த லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் சாயல், சேஸிஸ் (அடிச்சட்டம்) முழுக்க சதுர இரும்புக் குழாய். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் உட்கார்ந்துவிட்டது, பாடிதான் இழுக்கிறது.

முன்பக்க ஃபைபர் மூக்கை மாட்டி அலுமினிய பானெட்டை (இன்ஜின் மூடியை) வைத்தால் வலது பக்கம் தாள்கூட நுழையாது, இடது பக்கம் சுண்டுவிரலே போகிறது. சேஸிஸை மூலைக்கு மூலை அளந்து பார்த்தாச்சு, கோணல் இல்லை. ஃபைபரில் இருக்கும் பாலியஸ்டர் ரெசின் இறுகும்போது சுருங்கும், அச்சிலிருந்து சீக்கிரம் எடுத்தால் முறுக்கிக்கொள்ளும், அதனால் சந்தேகம் மூக்கு மேல்தான். ஹீட் கன் காட்டி வளைக்கலாமா, இல்லை விளிம்பை அறுத்து மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டித் தேய்ப்பதா? அடியில் வாஷர் கொடுத்துத் தூக்கிவிடலாம் என்கிறார் பேட்டை வெல்டர், எனக்கு மனசு ஒப்பவில்லை.

அப்புறம் மட்கார்டு. போல்ட் துளையைச் சுற்றி ஜெல்கோட்டில் (ஃபைபரின் மேல்பூச்சில்) மயிரிழை விரிசல். பெரிய வாஷரும் ரப்பரும் போதுமா, உள்பக்கம் இன்னொரு அடுக்கு போடணுமா?

பக்கவாட்டு அலுமினியத் தகட்டை இரும்போடு நேரடியாக ரிவெட் அடித்தால் ஈரம் பட்டு அரிக்கும், அதனால் நடுவே பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் பசை கொடுக்கப்போகிறேன். ஆனால் நம்ம ஊர் சித்திரை வெயிலில் அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியுமே, ரிவெட்டுக்கு ரிவெட் எவ்வளவு இடைவெளி விடுவது?

பதிவு கிடைக்குமா என்று கேட்காதீங்க, அது தனிக் கதை, இப்போதைக்குத் தோட்டத்துக்குள் ஓட்டத்தான். மேலப்பாளையம், தென்காசி பக்கம் ஃபைபர் வேலை தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்க, மூக்கை மட்டும் கழற்றி லோடு ஆட்டோவில் கொண்டுவந்துவிடுவேன்.