கடையில் வாசித்துப் பார்க்கும்போது வயலினின் குதிரை சரிந்து விழுந்தது: முழு விலையும் தர வேண்டுமா?

கொழிஞ்சாம்பாறைத் தந்தை கேட்கிறார்:

வணக்கம். என் மகளுக்குப் பதினொரு வயது. சித்தூரில் ஓர் ஆசிரியையிடம் வயலின் கற்று வருகிறாள். இதுவரை வாசித்த அரை அளவு வயலின் சிறிதாகிவிட்டதால், முக்கால் அளவு வாங்கலாம் என்று பாலக்காட்டில் ஓர் இசைக்கருவிக் கடைக்கு அழைத்துச் சென்றேன். சுவரில் மாட்டியிருந்த வயலின்களில் ஒன்றை ஊழியர் எடுத்துக் கொடுத்து, "பாப்பா வாசித்துப் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வேறொரு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார். தந்திகள் நான்கும் தளர்ந்து கிடந்தன. ஆசிரியை கற்றுக் கொடுத்த முறைப்படி மகள் பிருடையை (தந்தியை முறுக்கும் மர ஆணியை)த் திருகிச் சுருதி சேர்க்கத் தொடங்கினாள். இரண்டாவது தந்தியை ஏற்றிக்கொண்டிருந்தபோது குதிரை (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) சாய்ந்து படீரென்று விழுந்தது. அதே நொடியில் தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸ் முன்பலகையில் மோதியதில், அரிசிமணி அளவுக்கு ஒரு பள்ளமும் அதைச் சுற்றி வார்னிஷில் மெல்லிய கீறல்களும் விழுந்துவிட்டன. வயலினை அசைத்தால் உள்ளே ஏதோ உருளுகிறது.

வயலினின் முழு விலையான 9,500 ரூபாயையும் நான் தர வேண்டும் என்கிறார் உரிமையாளர். "உடைத்தால் விலை கொடுக்க வேண்டும்" என்று எழுதிய பலகை ஒன்று கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. யோசித்துச் சொல்வதாகக் கூறி, என் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. எது நியாயமான தொகை என்பதைத்தான் அறிய விரும்புகிறேன். மகளோ தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று வீட்டில் இருக்கும் பழைய வயலினைக்கூடத் தொட மறுக்கிறாள்.

கல்பாத்தியிலிருந்து ஒரு வயலின் பழுதுபார்ப்பவர்:

ஐயா, நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது தந்திகள் நான்கும் தளர்ந்து கிடந்தன என்ற வரிதான். வயலினில் குதிரையை யாரும் பசை வைத்து ஒட்டுவதில்லை. நாங்கள் சவுண்ட் போஸ்ட் என்று சொல்லும் உள்குச்சியையும் ஒட்டுவதில்லை. தந்திகள் கொடுக்கும் அழுத்தம்தான் குதிரையை முன்பலகையின் மேலும், உள்குச்சியை முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவிலும் பிடித்து நிறுத்துகிறது. அந்த அழுத்தம் முற்றிலும் போய்விட்ட வயலினில் குதிரை வெறுமனே நின்றுகொண்டிருக்கிறது என்றுதான் பொருள். அதன் கால்கள் சற்று இடம் மாறியிருந்தால்கூட, தந்தியை ஏற்றத் தொடங்கியதும் சரிந்துவிடும். உள்ளே உருளுவது பெரும்பாலும் அந்த உள்குச்சியாகவே இருக்கும். அது உடைந்து போன பொருள் அல்ல, இடம் பெயர்ந்த பொருள். அதற்கென்று உள்ள வளைந்த கம்பியால் எஃப் வடிவத் துளை வழியாகத் திரும்ப நிறுத்திவிடலாம்.

சுருதி கூட்டக் கற்றுக் கொடுக்கும் ஆசிரியர்கள் பலரும் இன்னொன்றைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். தந்தியை ஏற்றும் ஒவ்வொரு முறையும், அது குதிரையின் தலையை விரல்பலகைப் பக்கமாகச் சிறிது இழுத்துச் செல்கிறது. டெயில்பீஸைப் பார்த்திருக்கும் குதிரையின் முதுகு, முன்பலகைக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்வு தெரிந்தால் தந்திகளைச் சற்று இறக்கி, இரு கைவிரல்களாலும் பிடித்து மெல்ல நிமிர்த்திவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். தந்திகள் முற்றிலும் தளர்ந்துபோன வயலினுக்கு இதைச் செய்யப் பதினொரு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது முறையல்ல. உங்கள் மகளிடம் இதை விளக்கமாகச் சொல்லுங்கள். அவள் கற்றதைத்தான் செய்தாள்.

தந்திகள் ஏன் தளர்ந்தன என்பதையும் பார்க்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் காற்றில் மரம் ஈரத்தை இழந்து சுருங்கும். பிருடை தன் துளையில் பிடிப்பை விட்டுத் தானாகவே பின்னோக்கிச் சுழலும். காலையில் சுருதி சேர்த்து வைத்த வயலின் மாலையில் தொளதொளவென்று கிடப்பதை இந்தப் பருவத்தில் அடிக்கடி பார்க்கிறோம். பிருடைக்குச் சிறிது சுண்ணக்கட்டித் தூள் தடவி, உள்நோக்கி அழுத்தித் திருகி வைப்பது கடைக்காரர் செய்ய வேண்டிய அன்றாட வேலை. மேற்கத்திய முறையில் சேர்த்து நல்ல அழுத்தத்தோடு வைத்திருந்தால், ஐந்து கட்டைச் சுருதிக்கு (மேற்கத்திய ஜி சுரத்தை ஷட்ஜமாகக் கொள்வது) கொண்டுவரக் கீழ்த்தந்திகள் இரண்டையும் தொடவே வேண்டியதில்லை. மேல்தந்திகள் இரண்டையும் ஒரு முழுச்சுரம் இறக்கினால் போதும். ஒரே நேரத்தில் எல்லாத் தந்தியும் தளரும் நிலையே அங்கே வராது.

ஆகவே குதிரை விழுந்ததற்கும் உள்குச்சி சாய்ந்ததற்கும் நீங்கள் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை என்பது என் கருத்து. வார்னிஷ் கீறலுக்கு மட்டும் பழுதுக்கூலியைப் பகிர்ந்துகொள்ளலாம். முழு விலை கேட்பது எந்த வகையிலும் நியாயம் அல்ல.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு கடைக்காரர்:

கல்பாத்தி நண்பர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். கடைக்காரரின் பக்கமும் ஒன்று இருக்கிறது. பள்ளம் விழுந்த வயலினை எவ்வளவு நேர்த்தியாகச் சரிசெய்தாலும் அதைப் புதியது என்று சொல்லி நான் விற்க முடியாது, விற்கவும் கூடாது. பழுதுக்கூலி ஒரு கணக்கு என்றால், விலையில் குறைத்துக் கொடுக்க வேண்டிய தொகை இன்னொரு கணக்கு. இரண்டையும் சேர்த்தாலும் முழு விலைக்கு அருகில்கூட வராது என்பது உண்மைதான்.

விஜயதசமிக்கு முந்தைய வாரத்தில் கடை நிறையப் பிள்ளைகள் வருவார்கள். யார் எதை எடுக்கிறார்கள் என்று கவனிக்க முடியாது. அப்போது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது உடைவது அல்ல. பழுதானதைச் சொல்லாமல் திரும்ப மாட்டிவிட்டுப் போவதுதான். அந்தக் குறை எனக்கே தெரியாமல் அடுத்து வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. நீங்கள் நின்று பேசி, எண்ணையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த உரிமையாளர் அதை மதித்திருக்க வேண்டும். எங்கள் கடையில் சுருதி சேர்க்காத தந்திக் கருவியை வாடிக்கையாளர் கையில் கொடுப்பதில்லை. சேர்த்துக் கொடுத்த பிறகு பிருடையைத் தொட வேண்டுமானால் எங்களைக் கூப்பிடச் சொல்கிறோம். இந்த ஒரு வழக்கத்தால் பாதித் தகராறு குறைந்தது.

செங்கோட்டையிலிருந்து ஒரு வழக்கறிஞர்:

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 26ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், உரிமை வாங்குபவருக்கு மாறும் வரை பொருளுக்கு நேரும் இழப்பு விற்பவரையே சாரும். அதே பிரிவு, பொருளைக் கையில் வாங்கி வைத்திருப்பவருக்கு உள்ள கடமையை விலக்கிவிடவில்லை. அந்தக் கடமை எது என்பதை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 151ஆம் பிரிவு கூறுகிறது: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம்முடைய சொந்தப் பொருளுக்கு எடுத்துக்கொள்ளும் அளவு கவனம் வேண்டும். அந்தக் கவனத்தோடு கையாண்டும் பழுது நேர்ந்தால், தனி உடன்பாடு இல்லாதவரை அவர் பொறுப்பாக மாட்டார் என்கிறது 152ஆம் பிரிவு. வயலினில் சுருதி சேர்ப்பது அதை இயல்பாகப் பயன்படுத்தும் முறை. கீழே போடுவதும் விளையாட்டாகத் தட்டுவதும் வேறு. உங்கள் வாதம் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்க வேண்டும்.

பலகையில் எழுதியிருப்பதை உடன்பாடு என்று கடைக்காரர் வாதிடலாம். அப்படியே கொண்டாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்; எழுதிய தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. பதினொரு வயதுப் பிள்ளையால் ஒப்பந்தம் செய்துகொள்ளவும் இயலாது. எதுவானாலும் பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். முழு விலை கொடுக்கும் நிலை வந்தால், வயலினையும் வில்லையும் பெட்டியையும் பில்லோடு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். விலையையும் வாங்கிக்கொண்டு பொருளையும் கடையிலேயே வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை.

பெருவெம்பாவிலிருந்து ஒரு மிருதங்கம் வாசிப்பவர்:

தோல் கருவிகளிலும் இதே பிரச்சினை உண்டு. எங்கள் ஊரில் மிருதங்கமும் மத்தளமும் செண்டையும் செய்கிறவர்கள் வீட்டுக்கே வந்து பலர் வாசித்துப் பார்க்கிறார்கள். கல்லும் புல்லும் (சிறு மரக்கட்டை) வைத்துச் சுருதி ஏற்றும்போது அடி விளிம்புப் பின்னலில் விழாமல் தோலில் விழுந்தால், மூட்டே (தோல் முகப்பே) வீணாகிவிடும். அதனால் கல்லை வாடிக்கையாளர் கையில் அவர்கள் கொடுப்பதே இல்லை. எந்தச் சுருதி வேண்டும் என்று கேட்டுத் தாங்களே தட்டிச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கரணை (தோலின் நடுவில் உள்ள கரும்பூச்சு) உதிர்ந்தால் யாரிடமும் பணம் கேட்பதும் இல்லை, ஏனெனில் கரணை உதிர்வது வாசிப்பின் இயல்பு. கருவியின் எந்தப் பகுதி தேயக்கூடியது, எந்தப் பகுதி தேயக்கூடாதது என்று விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால் இப்படி முழு விலை கேட்கத் தோன்றாது.

கொழிஞ்சாம்பாறைத் தந்தை:

அனைவருக்கும் நன்றி. இன்று கடைக்காரரிடம் பேசினேன். செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரி மாணவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் ஒரு பழுதுபார்ப்பவரிடம் வயலினைக் காட்டலாம் என்று சொன்னேன், ஒப்புக்கொண்டார். பழுதுபார்ப்பவர் பார்க்கும்போது நான் எதைக் கவனிக்க வேண்டும்?

கல்பாத்தியிலிருந்து ஒரு வயலின் பழுதுபார்ப்பவர்:

நல்ல ஏற்பாடு. பள்ளத்தைவிட விரிசலைத்தான் தேட வேண்டும். முன்பலகை ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்வது. அது நார்ப்போக்கில் நீளவாக்காகப் பிளக்கும். மெல்லிய தந்தியின் பக்கத்தில், குதிரையின் கால் நின்ற இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் உள்குச்சி நிற்கும். அந்த இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் அது பெரிய பழுது. பலகையைத் திறந்து உள்ளே ஒட்டுப்பலகை வைக்க வேண்டியிருக்கும். வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, பலகையின் இரு பக்கமும் விரலால் மிக மெதுவாக அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் வாய் திறப்பது தெரியும். அதன் விளிம்பில் அழுக்குப் படிந்திருந்தால் அது பழைய விரிசல், உங்கள் மகள் தொடும் முன்பே இருந்தது. புதிய விரிசலாக இருந்தால் உள்ளே மரம் வெளிறித் தெரியும். எதுவாயினும், பழுது பார்க்கும்வரை யாரும் தந்தியை ஏற்றக் கூடாது. உள்குச்சி இல்லாத வயலினில் தந்தியை ஏற்றினால் முன்பலகை உள்வாங்கிவிடும். விரிசல் எதுவும் இல்லையென்றால் குதிரையையும் உள்குச்சியையும் நிறுத்தி, ஐந்து கட்டைக்குச் சேர்த்து, அங்கேயே உங்கள் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒலி பிடித்திருந்தால் கீறலுக்கு உரிய தொகையை விலையில் குறைத்துக்கொண்டு அதையே வாங்கிவிடலாம்; அரிசிமணிப் பள்ளத்தால் நாதம் கெடாது.