பாடப்புத்தக வாடை இல்லாத விஞ்ஞானப் புத்தகங்கள் சொல்லுங்க

வணக்கம் உறவுகளே. தங்கச்சியின் மகள் ஓ.எல். எழுதி முடிச்சிட்டு மட்டக்களப்பில வீட்டில இருக்கிறாள். ஏ.எல்.லுக்கு உயிரியல்தான் எடுக்கப் போறாளாம். இப்பவே ரியூசனுக்கு அனுப்பச் சொல்லி ஆளாளுக்கு அறிவுரை. எனக்கு அதில உடன்பாடில்ல. இந்த இடைவெளியில நல்ல நாலு புத்தகம் வாசிக்கட்டும்.

நாவல் வேண்டாம். உண்மைச் சம்பவமா இருக்கணும், ஆனா கதைபோல ஓடணும். ஹென்றியேற்றா லாக்ஸ் பற்றி அவளுக்கு ஒருநாள் சொன்னன். 1951இல் அமெரிக்காவில் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயால் இறந்த கறுப்பினப் பெண். அவரிடம் அனுமதி கேட்காமலே எடுத்த கலங்கள் இன்றைக்கும் ஆய்வுகூடங்களில் பெருகிக்கொண்டிருக்கு. போலியோ தடுப்பூசியைப் பரிசோதிக்கவும் அவைதான் உதவின. "கேட்காம எப்படி எடுக்கலாம், மாமா?" என்று சாப்பாட்டையும் மறந்து வாதாடினாள். அப்படிக் கேள்வி கேட்க வைக்கிற மருத்துவப் புத்தகங்கள்தான் தேவை.

விலங்குகள் பற்றியும் சொல்லுங்க. பாம்பு, ஒக்டோபஸ், யானை எதுவும் சரி (யானை பற்றி படுவான்கரை வயல்காரரைக் கேட்டா அவங்களே ஒரு புத்தகம் அளவுக்குச் சொல்லுவாங்க). நம்ம வாவியின்ட பாடும் மீனை விஞ்ஞான ரீதியா யாரும் எழுதியிருந்தா அதுதான் முதல்ல வேணும்.

தமிழில் இருந்தா நல்லம். மொழிபெயர்ப்பும் பரவாயில்ல, இலகுவான ஆங்கிலமும் சமாளிப்பாள். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் எந்தக் கடையில கிடைக்கும்? இரவல் தர முடிஞ்சாலும் சொல்லுங்க, பத்திரமாத் திருப்பித் தருவன். பிடிஎஃப் மட்டும் வேண்டாம். போனைக் கையில குடுத்தா டிக்டொக்தான் ஓடும்.