1780 என்று பொறித்திருந்தால் 1780 ஆகிவிடுமா?

தேய்ந்தகாசு:
பக்கத்துத் திரியில் எட்டணா ஐயா ஒரு மரியா தெரசா தாலரின் (ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் உருவம் பொறித்த வெள்ளிக்காசு) படத்தைப் போட்டு, "அரசியின் உருவத்துக்குக் கீழே எஸ்.எஃப். என்று இருக்கிறது, ஆகவே இது 1780-இல் குன்ஸ்பர்க்கில் அடித்த அசல்" என்று (குன்ஸ்பர்க் இன்றைய ஜெர்மனியில் இருக்கும் ஊர்) தீர்ப்பு எழுதியிருக்கிறார். கீழே வரிசையாக வாழ்த்துகள் வேறு. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மரியா தெரசா 1780 நவம்பர் 29 அன்று இறந்தார். அவர் போன பிறகும் அதே முகம், அதே ஆண்டு, அதே எஸ்.எஃப். எழுத்துகளோடு வியன்னா, மிலான், வெனிஸ், ரோம், லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் என்று ஊர் ஊராக அடித்துத் தள்ளினார்கள். நம் பம்பாய் நாணயச் சாலைகூட 1940, 41-இல் அடித்தது. எஸ்.எஃப். எல்லாவற்றிலும் இருக்கும். இதைக்கூடத் தெரியாமல் தாலரைப் பற்றி எழுத வரலாமா?

எட்டணா:
வாழ்த்தியவர்கள் எல்லாம் மூடர்கள், தேய்ந்தகாசு ஒருவரே ஞானி. நல்லது. எஸ்.எஃப். என்பது ஷோபல், ஃபாபி என்ற இருவரின் முதலெழுத்து. இருவரும் குன்ஸ்பர்க் நாணயச் சாலை அதிகாரிகள். அந்தக் காலத்தில் வியன்னாவில் அடித்த தாலரில் ஐ.சி., எஃப்.ஏ. என்று அவர்களுடைய ஆட்களின் எழுத்து இருக்கும். அப்படியென்றால் எஸ்.எஃப். என்பது எந்த ஊர்? நீங்களே சொல்லுங்கள். இந்தக் காசு கடைத்தெருவில் வாங்கியதல்ல. ஏடன் துறைமுகத்தில் கணக்கராக இருந்த என் தாத்தா 1938-இல் ஒரு ஏமன் காப்பி வியாபாரியிடமிருந்து பெற்றது.

தேய்ந்தகாசு:
1938! தன் வாயாலேயே சொல்லிவிட்டார். 1935-இல் இத்தாலியின் முசோலினி ஆஸ்திரியாவிடமிருந்து அச்சுகளை வாங்கி ரோமில் தாலர் அடிக்கத் தொடங்கினார். எத்தியோப்பியா மீது படையெடுக்கப் போகிறவருக்கு அங்கே செல்லுபடியாகும் காசு வேண்டாமா? உடனே செங்கடல் வியாபாரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் லண்டனும் அடிக்கத் தொடங்கியது. அந்தக் காசுகள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று ஏடன். குன்ஸ்பர்க் நாணயச் சாலையோ 1805-இலேயே மூடப்பட்டுவிட்டது. உங்கள் தாத்தா மீது எனக்கு மரியாதை உண்டு. அவர் கையில் இருந்தது அப்போது புதுக்காசாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

எட்டணா:
தாத்தாவை இழுக்க வேண்டாம்.

தேய்ந்தகாசு:
இழுத்து வந்தது நீங்கள்தான் ஐயா.

உப்புமூட்டை:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். "அசல்" என்று எதைச் சொல்கிறீர்கள்? அரசு நாணயச் சாலையில், அரசு அனுமதியோடு, அதே எடையில் அதே தரத்தில் அடித்ததைப் போலி என்று சொல்ல முடியுமா? 1857-இல் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசேப்பு இதை வணிக நாணயம் என்று முறைப்படி அறிவித்தார். மறுஅச்சு வேறு, போலி வேறு. முதலில் இதை முடிவுசெய்துவிட்டுச் சண்டை போடலாமே.

எட்டணா:
எடை என்றதும் நினைவுக்கு வருகிறது. என் காசு தராசில் 28 கிராமைத் தாண்டி நிற்கிறது. எஸ்.எஃப். எழுத்தும் தேயாமல் பளிச்சென்று இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

தேய்ந்தகாசு:
எஸ்.எஃப். எல்லாவற்றிலும் இருக்கும். எடையும் எல்லாவற்றிலும் அதேதான்: 28.07 கிராம், ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளி. அது மாறாமல் இருந்ததால்தான் எத்தியோப்பியாவிலும் அரேபியாவிலும் வேறு காசைக் கையால் தொடமாட்டோம் என்றார்கள். 1867, 68-இல் தளபதி நேப்பியரின் படையோடு அபிசீனியாவுக்கு, அதாவது எத்தியோப்பியாவுக்கு, போன ஆங்கிலேயர்கள், தங்கள் அரசியின் தலை பொறித்த காசு அங்கே எடுபடாது என்று வியன்னாவில் இந்தத் தாலரை அடித்து வாங்கிக்கொண்டு போனார்கள். 1780-க்கும் அதற்கும் எத்தனை ஆண்டு இடைவெளி என்று கணக்குப் போடுங்கள். அதிலும் எஸ்.எஃப். உண்டு. எந்த நாணயச் சாலை என்று அறிய வேண்டுமானால் பின்புறம் இரட்டைத் தலைக் கழுகின் வால் இறகுகளைப் பாருங்கள், முன்புறம் அரசியின் தோளருகே இருக்கும் ப்ரூச்சை, அதாவது ஆடையில் குத்தும் அணியைப் பாருங்கள், விளிம்பில் புடைத்திருக்கும் லத்தீன் எழுத்தையும் அதன் இடையே வரும் அலங்காரத்தையும் பாருங்கள். நீங்கள் பின்புறப் படத்தைப் போடவே இல்லை. ஏன்?

குடைராட்டினம்:
பேச்சுக்கு நடுவே ஒரு சந்தேகம். என்னிடமும் ஒரு தாலர் கறுத்துப்போய்க் கிடக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

தேய்ந்தகாசு:
தேய்த்தால் இனி இந்தப் பக்கம் வராதீர்கள்.

எட்டணா:
குடைராட்டினம், பயப்படாமல் தேயுங்கள். எங்கள் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்குக்கு அம்மா அப்படித்தான் செய்வார். வெள்ளி ஒன்றும் கெட்டுவிடாது. அறிவுரை சொல்கிறவர் சென்ற ஆண்டு டச்சுக் கம்பெனித் துட்டு விவகாரத்தில் எப்படி நடந்துகொண்டார் என்று எல்லோருக்கும் தெரியும். தான் விற்ற காசை "அரிதிலும் அரிது" என்றவர் இவர்.

தேய்ந்தகாசு:
வந்துவிட்டார் பழைய பகையோடு. அந்தத் திரியைத் தேடி எடுத்துப் படியுங்கள். 1790 என்று பொறித்த துட்டை 1840-களில் ஜாவாவில் அடித்தார்கள், காசில் இருக்கும் ஆண்டை நம்பாதே என்று அங்கே எனக்குப் பாடம் நடத்தியவர் யார்? இதே எட்டணா. அடுத்தவன் காசு என்றால் ஆண்டை நம்பக்கூடாது, தன் காசு என்றால் ஆண்டே வேதவாக்கு.

எட்டணா:
துட்டு செம்பு, தாலர் வெள்ளி. துட்டில் எஸ்.எஃப். இல்லை.

உப்புமூட்டை:
என் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மேல்மாடி:
எட்டணா ஐயாவை நான் பல ஆண்டுகளாக அறிவேன், பொய் சொல்கிறவர் இல்லை. அதோடு அரசியின் தலையில் முக்காடு இருக்கிறது. கணவர் இறந்த துக்கத்தில் போட்டுக்கொண்டது. அது பழைய காசுக்கு அடையாளம் இல்லையா?

தேய்ந்தகாசு:
கணவர் முதலாம் பிரான்சிஸ் இறந்தது 1765-இல். 1780 உருவத்தில் முக்காடு இருக்கிறது. நேற்று வியன்னாவில் அடித்த காசிலும் இருக்கிறது, ஏனென்றால் அங்கே இன்றும் அடித்து விற்கிறார்கள். எட்டணா ஐயா பொய் சொல்கிறார் என்று யார் சொன்னது? அவருக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன்.

எட்டணா:
பார்த்தீர்களா மேல்மாடி, இதுதான் இவருடைய பண்பு. நாணயவியலில் பட்டம் வாங்கியவர்போலப் பேசுகிறார்.

தேய்ந்தகாசு:
பட்டம் எதற்கு? கழுகின் வாலைப் படமெடுத்துப் போடுங்கள், போதும். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

எட்டணா:
இது முதல் முறை. இப்போதுதான் "ஏன்" என்று ஒரு சொல் கேட்டீர்கள். எண்ணத் தெரியாதவருக்கு இறகு எண்ண ஆசை.

தேய்ந்தகாசு:
படம்?

எட்டணா:
என் காசு, என் விருப்பம். வெள்ளிக்கிழமை ஏலத்துக்கு வைக்கிறேன். "குன்ஸ்பர்க், 1780" என்றுதான் எழுதுவேன்.

தேய்ந்தகாசு:
எழுதுங்கள். அதன் கீழே முதல் பின்னூட்டம் என்னுடையதாக இருக்கும். வாங்கப்போகிறவர் பாவம்.

குடைராட்டினம்:
புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். இப்போது விளிம்பில் ஏதோ எழுத்து தெரிகிறது.

தேய்ந்தகாசு:
ஐயோ.

எட்டணா:
அருமை! படம் போடுங்கள் தம்பி. எஸ்.எஃப். தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.