‘காத்தும் படைத்தும் கரந்தும் விளையாடி’: படைக்காமல் இருக்க இறைவனால் முடியுமா?

செம்பூர்வாசி

மார்கழி முழுக்க விடிகாலை 5 மணிக்கு எங்கள் சொசைட்டியில் ஏழெட்டுப் பேர் கூடித் திருப்பாவையும் திருவெம்பாவையும் பாடுவோம். பல வருஷப் பழக்கம். எங்களில் நன்றாகப் பாடுகிற ஒரு அம்மா உண்டு. ஆகஸ்டில் டெங்குக் காய்ச்சலில் அவருடைய ஒரே மகன் போய்விட்டான். 23 வயது. இந்த வருஷம் அவர் வரமாட்டார் என்று நினைத்தோம். முதல் நாளே வந்து உட்கார்ந்தார், எதையும் விடாமல் பாடினார்.

நேற்று திருவெம்பாவையின் 12ஆம் பாட்டு, ‘ஆர்த்த பிறவித் துயர்கெட’. நாலாவது அடியில் ‘காத்தும் படைத்தும் கரந்தும்’ வரை குரல் வந்தது. ‘விளையாடி’ வரவில்லை. நாங்களும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்திவிட்டோம். படியிறங்கும்போது என்னிடம் கேட்டார்: “அவன் நினைச்சிருந்தா இது எதையுமே படைக்காம இருந்திருக்கலாமா? இருந்திருக்கலாம்னா ஏன் படைச்சான்? முடியாதுன்னா அவன் எப்படி சாமி?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறுதல் வார்த்தை அவர் கேட்கவில்லை, கேள்விக்குப் பதில் கேட்டார். அதனால் தயவுசெய்து ‘எல்லாம் அவன் செயல்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

தாராவி_நெல்லை

அண்ணே, அந்த அம்மா இரண்டு வாக்கியத்தில் கேட்டதைச் சமயவாதிகள் இரண்டாயிரம் வருஷமாகக் கேட்டும் மறைத்தும் வருகிறார்கள். நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒருவன் ஒன்றைச் செய்கிறான் என்றால் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது, அதற்காகச் செய்கிறான். கடவுளுக்கு ஏதோ வேண்டியிருந்தது என்றால் அவர் நிறைவானவர் இல்லை. எதுவும் வேண்டாமலே செய்தார் என்றால் காரணமில்லாமல் இத்தனை உயிர்களைத் துன்பத்தில் இறக்கிவிட்டார். இது நான் கண்டுபிடித்த ஆட்சேபம் இல்லை. வேதாந்தத்தின் மூல நூலான பிரம்ம சூத்திரமே 2.1.32இல் ‘ந ப்ரயோஜனவத்த்வாத்’, அதாவது செயலுக்கு நோக்கம் வேண்டும், ஆகவே அவன் படைத்திருக்கமுடியாது என்று இதை எடுத்துப் போடுகிறது.

நம் ஆட்கள் இன்னும் நேராகப் பேசினார்கள். புறநானூறு 194இல் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாப்பறையும் பக்கத்து வீட்டில் கல்யாண முழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கேட்கிறார். கேட்டுவிட்டு ‘படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்’ என்கிறார். பண்பு இல்லாதவன்! வள்ளுவர், பிச்சை எடுத்துத்தான் ஒருவன் வாழவேண்டும் என்றால் ‘பரந்து கெடுக உலகியற்றி யான்’ என்று சபிக்கிறார். அந்த அம்மாவின் மௌனத்துக்குத் தமிழில் இவ்வளவு பழைய துணை இருக்கிறது. அதை அவரிடம் சொல்லுங்கள்.

அடியேன்_மாட்டுங்கா

தம்பி 32ஆம் சூத்திரத்தோடு நிறுத்திவிட்டார். அடுத்ததையும் படிக்கவேண்டும்: ‘லோகவத் து லீலா கைவல்யம்’. உலகத்தில் பார்ப்பதுபோலவே, இது வெறும் லீலை. ஏழு தீவையும் ஆளுகிற அரசன், இனிமேல் அடைய வேண்டியது எதுவும் இல்லாதவன், பந்து விளையாடுகிறான் என்று உடையவர் (ராமானுஜர்) அந்தச் சூத்திரங்களுக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில் உதாரணம் சொல்கிறார். பந்தால் அவனுக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. அவனுக்குக் குறை இருக்கிறது என்றும் சொல்லமுடியாது, பைத்தியம் என்றும் சொல்லமுடியாது. நிறைவு தானாக அசைகிறது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சிவாஜி பார்க் பக்கம் போய்ப் பாருங்கள். நூறு பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். எதற்கு என்று கேட்டால் சிரிப்பார்கள்.

கம்பரும் உலகம் யாவையும் ஆக்கி, நிலைநிறுத்தி, நீக்குவதை ‘நீங்கலா அலகு இலா விளையாட்டு’ என்றே தொடங்குகிறார். விளையாட்டு என்பதை நாம் பொறுப்பில்லாத காரியம் என்று புரிந்துகொள்வதால்தான் இந்தச் சங்கடம். கட்டாயம் இல்லாத செயல் என்பதே அதன் பொருள். எனவே கேள்விக்குப் பதில்: ஆம், அவன் படைக்காமலும் இருந்திருக்கலாம். ஸ்வதந்த்ரன்.

தாராவி_நெல்லை

ஐயா, நீங்கள் காட்டிய இடத்திலேயே இரண்டு சிக்கல் இருக்கிறது.

அதே சூத்திரத்துக்குச் சங்கரர் இரண்டு உதாரணம் தருகிறார். ஒன்று, ஆசையெல்லாம் நிறைவேறிய அரசனின் விளையாட்டு. இன்னொன்று, மூச்சு. வெளி நோக்கம் எதுவும் இல்லாமல் இயல்பாக நடப்பது என்று காட்ட இரண்டையும் பக்கத்தில் வைக்கிறார். ஆனால் பந்தை அரசன் கீழே வைத்துவிடலாம், மூச்சை வைக்கமுடியுமா? பந்து என்றால் அவன் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. மூச்சு என்றால் நிறுத்தவே முடியாது. அந்த அம்மா கேட்டது சரியாக இந்த இடத்தைத்தான்.

இரண்டாவது, கம்பரின் ‘நீங்கலா’. விலகவே விலகாத விளையாட்டு. விலகமுடியாததை விளையாட்டு என்பீர்களா?

அப்புறம், சிவாஜி பார்க் பையன்கள் தங்களோடு தாங்கள் ஆடுகிறார்கள். பந்துக்கு வலிக்காது ஐயா.

முலுண்ட்_மங்கை

கடைசி வரிக்காக நெல்லைத் தம்பிக்கு நன்றி. நான் சைவ சித்தாந்தம் படித்தவள், முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். விளையாட்டு என்ற விளக்கம் எனக்கும் போதாது. எங்கள் நூலுக்கே அது போதவில்லை. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறார்: ‘சொன்ன இத் தொழில்கள் என்ன காரணம் தோற்ற என்னின், முன்னவன் விளையாட்டு என்று மொழிதலும் ஆம்’. அந்த ‘மொழிதலும் ஆம்’ என்பதைக் கவனியுங்கள். அப்படியும் சொல்லலாம் என்று இடம் கொடுத்துவிட்டு, உயிர்களுக்குப் போகமும் முத்தியும் கொடுக்கவும், அவற்றைப் பிடித்திருக்கும் மலத்தை, அதாவது அழுக்கை, துடைக்கவும் என்று மேலே போய்விடுகிறார்.

முதலில் ‘சுதந்திரம்’ என்ற சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கடைத்தட்டில் இரண்டு சோப்பு இருந்து ஒன்றை எடுப்பதை நாம் சுதந்திரம் என்கிறோம். ‘கோளில் பொறியின்’ என்ற குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர் இறைவனின் எட்டுக் குணங்களை (எண்குணம்) வரிசையாகச் சொல்லும்போது முதலில் வைப்பது தன்வயத்தனாதல். தன் வயத்தில் இருப்பது, பிறர் பிடியில் இல்லாதது. என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியைக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட வராது. யார் கெஞ்சினாலும், யார் மிரட்டினாலும் கை வராது. அவரை யாராவது அடிமை என்பார்களா? எங்கள் பள்ளியில் சுதந்திரமானவர் அவர் ஒருவர்தான் என்று நான் நினைப்பதுண்டு. இறைவனால் அருளாமல் இருக்க முடியாது என்றால், அதுவும் இப்படிப்பட்ட ‘முடியாது’தான்.

அடுத்தது, எதிலிருந்து படைத்தான் என்பது. தாராவி கும்பார்வாடாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள், தீபாவளி அகலுக்கு மும்பையே அங்கே போகும். குயவர் பானையை வனைகிறார், மண்ணைப் படைப்பதில்லை. குயவர் நிமித்த காரணம், சக்கரம் துணைக் காரணம், மண் முதற்காரணம். அப்படியே இறைவன், அவன் சக்தி, உலகுக்கு மூலப்பொருளான மாயை. உயிர்களையும் அவன் உண்டாக்கவில்லை. அவற்றைப் பிடித்திருக்கும் ஆணவம் என்ற அறியாமை இருளையும் உண்டாக்கவில்லை. அவை அநாதி. கண் தெரியாத இருட்டில் கிடக்கும் உயிருக்கு ஓர் உடம்பும் உலகமும் கையில் கொடுக்கிறான். படைப்பு என்றால் அந்த விளக்கைக் கொடுப்பது.

தாராவி_நெல்லை

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் ஆசிரியை உதாரணத்துக்கு என்னிடம் எளிதான பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்லும் தன்வயத்தைத்தான் டச்சுத் தத்துவவாதி ஸ்பினோசாவும் ‘எதிக்ஸ்’ நூலில் சொன்னார். தன் இயல்பின் தேவையால் மட்டுமே இயங்குவது எதுவோ அதுவே சுதந்திரம் என்றார். 1677இல் அவர் இறந்த பிறகுதான் அந்த நூல் அச்சேறியது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. அப்படிப்பட்ட கடவுளுக்கு நோக்கம் என்று எதுவும் கிடையாது, நமக்காக எதையும் செய்வதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். உங்களுக்குத் தன்வயமும் வேண்டும், உயிருக்காக என்ற நோக்கமும் வேண்டும்.

கும்பார்வாடா எனக்குப் பக்கத்துத் தெரு. என் தாத்தா திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர், நான் அங்கேயே பிறந்தவன். மண் சரியில்லை என்றால் குயவர் என்ன செய்வார் தெரியுமா? வண்டியோடு திருப்பி அனுப்புவார். அல்லது வனைந்த பானை சூளையில் வெடிக்கும். மண் அவர் கையில் இல்லை. இருள் அநாதி, உயிர் அநாதி, மாயை அநாதி என்றால் உங்கள் இறைவன் கிடைத்ததை வைத்து வேலை பார்க்கிறவர். நல்லவராக இருக்கலாம், ‘முடிவிலாற்றல்’ என்ற இன்னொரு குணத்தை அப்போது என்ன செய்வீர்கள்?

அப்புறம் கன்மம், அதாவது முற்பிறவி வினை. நீங்கள் அந்தச் சொல்லை எழுதவில்லை, ஆனால் உங்கள் விளக்கத்துக்கு அடியில் அதுதான் இருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு ஊருக்குள் வந்தது. குர்லாவிலிருந்து மார்பளவுத் தண்ணீரில் நடந்து வீடு சேர்ந்தேன். எங்கள் சந்தில் நாலு வயதுக் குழந்தை ஒன்று போயிருந்தது. துக்கம் கேட்க வந்த ஒருவர் அதன் தாயிடம் ‘போன ஜென்மத்துக் கணக்கு’ என்றார். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

குர்லா_பாய்

நானும் அந்த மழையில் கூரைமேல் உட்கார்ந்திருந்தவன். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் இந்தச் சண்டை எங்கள் பக்கமும் நடந்திருக்கிறது.

மூச்சா பந்தா என்று தம்பி கேட்டாரே, தத்துவவாதி இப்னு சீனாவுக்கும் அவரை மறுத்த இமாம் கஸ்ஸாலிக்கும் நடுவில் இருந்தது அதுதான். சூரியனிலிருந்து வெளிச்சம் வருவதுபோல் இறைவனிலிருந்து உலகம் வந்தது என்பது தத்துவவாதிகள் கட்சி. வெளிச்சம் விடாமல் இருக்கச் சூரியனால் முடியாது, ஆகவே அதைச் செயல் என்றே சொல்லக்கூடாது என்றார் கஸ்ஸாலி. நாட்டம் இருந்தால்தான் செய்தவன். காரணம் இல்லாமல் நாட்டம் எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் இரண்டு பேரீச்சம்பழத்தைக் காட்டினார். எல்லா வகையிலும் ஒன்றுபோல இருக்கிற இரண்டு பழம், ஒன்றைத்தான் எடுக்கலாம், பசித்தவன் முன்னால். காரணம் கிடைக்கவில்லை என்று பட்டினி கிடப்பானா? ஒன்றை எடுப்பான். ஒன்றுபோல இருப்பதில் ஒன்றைப் பிரித்தெடுப்பதற்குப் பெயர்தான் நாட்டம்.

‘உயிருக்கு எது நல்லதோ அதைத்தான் செய்கிறான்’ என்பதற்கும் எங்களிடம் ஒரு கதை உண்டு. இமாம் அஷ்அரி அப்படிச் சொன்ன தன் ஆசிரியர் ஜுப்பாயீயிடம் கேட்டதாகச் சொல்வார்கள். மூன்று சகோதரர்கள். ஒருவன் நல்லவனாக வாழ்ந்து இறந்தான், ஒருவன் கெட்டவனாக, ஒருவன் குழந்தையிலேயே. குழந்தை கேட்கிறது: என்னையும் வளரவிட்டிருந்தால் நானும் நல்லவனாகி உயர்ந்த இடம் பெற்றிருப்பேனே? நீ வளர்ந்தால் கெட்டுப்போவாய் என்று தெரியும், உன் நன்மைக்காகத்தான் எடுத்தேன் என்று பதில் வருகிறது. உடனே நரகத்திலிருந்து இன்னொருவன் கத்துகிறான்: அப்படியென்றால் என்னை ஏன் குழந்தையிலேயே எடுக்கவில்லை? ஆசிரியருக்குப் பதில் இல்லை. அஷ்அரி அவரை விட்டு விலகினார்.

இதனால் நான் நம்பிக்கையை விடவில்லை. கணக்கு எனக்குத் தெரியும் என்று சொல்வதை விட்டேன். குர்ஆன் 21:16 வானத்தையும் பூமியையும் விளையாட்டாகப் படைக்கவில்லை என்கிறது. அதே அத்தியாயம் 21:23, அவன் செய்வதைப் பற்றி அவன் கேட்கப்படமாட்டான், அவர்களே கேட்கப்படுவார்கள் என்கிறது. இரண்டையும் சேர்த்து ஓதித்தான் என் வாப்பாவை அடக்கினேன்.

தாராவி_நெல்லை

பாய், உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பழங்கள் இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. 23 வயதுப் பையன் பிழைப்பதும் சாவதும் ஒன்றுபோல இல்லை. கேட்கக்கூடாது என்பதையும் என்னால் ஏற்கமுடியாது. கேட்டது ஒரு தாய்.

முலுண்ட்_மங்கை

பாய் சொன்ன மூன்று சகோதரர் கதை என்னை நேற்று இரவு தூங்கவிடவில்லை. கன்மம் என்பதை ஒருவர் தன் வாழ்க்கைக்குத் தானே வைத்துப் பார்க்கலாம். இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் பிள்ளைக்கு வைத்துச் சொல்லக்கூடாது. இதை நான் முன்பே எழுதியிருக்கவேண்டும்.

ஆனால் முடிவிலாற்றலை விட்டுக்கொடுக்கமாட்டேன். குருட்டு இருளை இல்லாமல் ஆக்குவது ஆற்றல் என்றால், இருளுக்குள் கிடப்பவனை விழிக்கவைப்பதும் ஆற்றல்தான். முதலாவதைச் செய்தால் விழிப்பதற்கு யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. நன்கணியார் ‘பண்பிலாளன்’ என்பதோடு முடிக்கவில்லை. ‘இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந் தோரே’. திருவெம்பாவைப் பாட்டின் தொடக்கத்தையும் பாருங்கள். ‘விளையாடி’ வருவதற்கு மூன்று அடி முன்னாலேயே ‘துயர்கெட’ வந்துவிட்டது. படைப்பதற்கு முன்னால் ‘காத்தும்’ நிற்கிறது. மாணிக்கவாசகர் எதுகைக்காக மட்டும் அப்படி வைத்தார் என்று என்னால் நினைக்கமுடியவில்லை.

அடியேன்_மாட்டுங்கா

பந்துக்கு வலிக்காது என்று தம்பி எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. ஸ்வதந்த்ரன் என்று நான் எழுதியதும் பாதிதான். திருமழிசை ஆழ்வார் ‘நான் உன்னை அன்றி இலேன் கண்டாய், நாரணனே நீ என்னை அன்றி இலை’ என்கிறார். நீ என்னை அன்றி இலை! அரசன், பந்து என்று பேசிய பிறகு இதைப் படித்தால் தலை கவிழ்கிறது. தனியாக இருந்திருக்கலாம், இருக்க மனம் வரவில்லை என்று மட்டும் இப்போது சொல்வேன்.

தாராவி_நெல்லை

அண்ணே, அந்த அம்மாவிடம் அவர் கேட்டது சரியான கேள்வி என்று சொல்லுங்கள். பதில் கிடைத்துவிட்டதாகச் சொல்லாதீர்கள்.

செம்பூர்வாசி

சொல்லவில்லை தம்பி. இன்று காலை அவரிடம் இரண்டே விஷயம் சொன்னேன். நன்கணியார் பாட்டு ஒன்று. ‘மொழிதலும் ஆம்’ இன்னொன்று. முதலாவதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதை எழுதித் தரச் சொன்னார், முழுப் பாட்டும். இரண்டாவதற்கு, “அப்ப அந்த வார்த்தைய நான் சொல்லித்தான் ஆகணும்னு இல்ல” என்றார்.

திருவாதிரைக்கு இன்னும் 4 நாள் இருக்கிறது. 12ஆம் பாட்டை அவரே தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார். ‘கரந்தும்’ வரை அவர் பாடுவார், அந்த ஒரு சொல்லை நாங்கள் பாடவேண்டும், ‘வார்த்தையும் பேசி’யில் மறுபடி அவர் சேர்ந்துகொள்வார். நாளைக் காலை ஒரு தடவை பாடிப் பார்க்கிறோம்.