வார்ம் ஸ்பிரிங்ஸ்: வெந்நீர் விடுதி திராட்சைத் தோட்டமானது எப்படி?

நடைப்பிரியன் (கேள்வி):

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் வசிக்கும் நண்பர்களுக்கு வணக்கம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பா, வார்ம் ஸ்பிரிங்ஸ் பார்ட் ரயில் நிலையத்தில் இறங்கியதும், “வெந்நீர் ஊற்று என்று பெயர் போட்டிருக்கிறதே, ஊற்று எங்கே?” என்று கேட்டார். டெஸ்லா ஆலையைத் தவிர அவருக்குக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. மறுநாள் மிஷன் சிகரம் ஏறப் போனபோது அடுத்த சந்தேகம் வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் அக்கரையில் இருக்க, மலையடிவாரத்துச் சாலைக்கு ஸ்டான்ஃபோர்டு அவென்யூ என்று பெயர் வந்தது ஏன்? முன்பு அங்கே வெந்நீர் விடுதி ஒன்று இருந்து, பிறகு அது திராட்சைத் தோட்டமாக மாறியது என்று ஒருவர் சொன்னார். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் அப்பாவிடம் சொல்வேன்.

பழஞ்சுவடி:

உங்கள் அப்பா கேட்டது சரியான கேள்வி. நீங்கள் நடந்து சென்ற அந்தச் சாலையும் அதை ஒட்டிய அடிவாரமும்தான் அந்த இடம்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே இது ஓலோனி மக்களின் நிலம். 1797-இல் மிஷன் சான் ஹோசே தேவாலயம் நிறுவப்பட்ட பின், சுற்றுவட்டார ஸ்பானியக் குடும்பங்கள் இந்த ஊற்றுகளுக்குத் துணி துவைக்க வரத் தொடங்கின. சிறு வயதில் அப்படி வந்துபோன ஒருவரின் நினைவுகள் 1890-இல் அச்சாகின. முதல் நாள் இரவே மாட்டுவண்டியின் பெரிய சக்கரங்களுக்குச் சவுக்காரம் தடவி வைப்பார்களாம். நம் ஊரில் அச்சுக்கு வண்டி மை போடுவது போல. விடியுமுன் பிள்ளைகளை எழுப்பி, சாப்பாட்டுக் கூடைகளோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஊற்றுக்கு வந்து வழவழப்பான பாறைகளில் துணிகளைத் தேய்த்து, குட்டையான புதர்கள் மீது விரித்துக் காய வைப்பார்களாம்.

1839-இல் மெக்சிகோ ஆட்சியின் ஆளுநர் அல்வராடோ இந்த நிலத்தை ஃபுல்கென்சியோ ஹிகேரா என்பவருக்கு மானியமாக வழங்கினார். பரப்பு 9,564 ஏக்கர். பெயர் ‘ராஞ்சோ அகுவா கலியென்டே’. ஸ்பானிய மொழியில் அகுவா கலியென்டே என்றால் வெந்நீர். கலிஃபோர்னியா அமெரிக்காவின் கைக்கு வந்த பிறகு, 1850களில், கிளெமென்ட் கொலம்பெட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊற்றுகள் இருந்த பகுதியை வாங்கி விடுதி கட்டினார். சான் ஃபிரான்சிஸ்கோவின் பணக்காரர்கள் உடம்பு தேற்றிக்கொள்ள வந்து தங்கும் இடமாக அது பெயர் பெற்றது. 1868 நிலநடுக்கம் அந்த விடுதிக் காலத்தை முடித்துவிட்டது.

அடுத்த ஆண்டே லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு அந்த இடத்தை வாங்கினார். கலிஃபோர்னியாவின் முன்னாள் ஆளுநரும் சென்ட்ரல் பசிபிக் ரயில் நிறுவனத்தின் தலைவருமான அவர், அமெரிக்காவின் இரு கரைகளை இணைத்த ரயில் பாதைக்கு 1869 மே 10 அன்று கடைசி ஆணி அடித்தவர். பல்கலைக்கழகம் திறந்தது 1891-இல்தான் என்பதால், அந்தச் சாலைப் பெயருக்கான காரணம் பல்கலைக்கழகத்தை விடப் பழையது.

பாறைப்பித்தன்:

மேலே உள்ள பதிலில் நிலநடுக்கம் ஒரே வரியில் கடந்துவிட்டது. என் பார்வையில் கதையின் மையமே அதுதான். ஊற்று சூடாக இருப்பதற்கு எரிமலை காரணமல்ல. மழைநீர் மண்ணுக்குள் ஆழமாக இறங்கிச் சூடேறி, ஹேவர்டு நிலப்பிளவின் நொறுங்கிய பாறைகள் வழியாக மேலே திரும்பி வருகிறது. விடுதிக்கு வருமானம் தந்த அதே பிளவுதான் 1868 அக்டோபர் 21 காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு நகர்ந்தது. சான் லியாண்ட்ரோவிலிருந்து வார்ம் ஸ்பிரிங்ஸ் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குத் தரை பிளந்தது. சுமார் 30 பேர் இறந்தனர். மிஷன் சான் ஹோசேயின் மண்கல் தேவாலயமும் சிதைந்தது. 1906-இல் இதைவிடப் பெரிய நிலநடுக்கம் வரும் வரை ‘பெரிய சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கம்’ என்று மக்கள் சொன்னது இதைத்தான்.

நடைப்பிரியன்:

மிக்க நன்றி. அப்படியானால் திராட்சை பயிரிட்டது ஸ்டான்ஃபோர்டுதானா? ரயில்காரருக்கு அந்த வேலை கைவந்ததா?

பழஞ்சுவடி:

கைவந்தது அவருடைய அண்ணன் ஜோசையாவுக்கு. கொடிகளை நட்டு வளர்த்தவர் அவரே. அந்த இடத்துக்கான அரசு நினைவுச் சின்ன வாசகமும் (எண் 642) அப்படித்தான் சொல்கிறது. கலிஃபோர்னிய ஒயின் உலகின் எந்த ஒயினுக்கும் நிகராக முடியும் என்று காட்ட இந்தத் தோட்டம் உதவியதாகவும் அதில் எழுதியிருக்கிறது. நினைவுச் சின்ன வாசகங்களுக்கு உரிய சிறு மிகையைக் கழித்துவிட்டுப் படிக்கலாம்.

லீலண்ட் 1881-இல் வடக்கே வீனா என்ற இடத்தில் தாமே ஒரு பண்ணை வாங்கி, உலகிலேயே பெரியது என்று சொல்லும் அளவுக்குத் திராட்சைத் தோட்டம் அமைத்தார். ஆனால் அங்கே அடிக்கும் வெயிலில் விளைந்த பழம் சாப்பாட்டோடு அருந்தும் நல்ல மேசை ஒயினுக்கு ஒத்துவராததால், பெரும்பகுதி பிராந்தியாகக் காய்ச்சப்பட்டது. பணத்தைக் கொட்டிய பெரிய தோட்டம் தோற்றுப்போக, அண்ணன் பார்த்துக்கொண்ட சிறிய தோட்டம் நல்ல பெயர் எடுத்தது.

நைல்ஸ்வாசி:

வைபெல் என்ற பெயரை யாரும் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் தொடக்கப் பள்ளிக்கும் தெருவுக்கும் அந்தப் பெயர்தான். 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு கலிஃபோர்னிய ஒயின் ஆலைகளில் பெரும்பாலானவற்றை மூட வைத்தது. அதன் பிறகு 1945-இல், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ருடால்ஃப் வைபெலும் அவர் மகன் ஃபிரெடும் பழைய ஸ்டான்ஃபோர்டு தோட்டத்தை வாங்கி, ஷாம்பேன் வகை நுரைக்கும் ஒயினைத் தயாரித்தார்கள். ‘கிரீன் ஹங்கேரியன்’ என்ற வெள்ளை ஒயினும் அவர்களுக்குப் பேர் வாங்கித் தந்தது. கடைகளுக்கும் உணவகங்களுக்கும் அவரவர் பெயரில் சீட்டு ஒட்டிப் புட்டிகளை அனுப்புவதும் அவர்களுடைய முக்கிய வியாபாரம். நான் இங்கே வந்த புதிதில் ஒரு கல்யாண விருந்தில் மேசை மீது இருந்த புட்டியில் மண்டபத்தின் பெயர் பொன்னெழுத்தில் இருக்க, அடியில் பொடி எழுத்தில் ‘மிஷன் சான் ஹோசே’ என்று நம் ஊர்ப் பெயரைப் பார்த்தது நினைவிருக்கிறது.

1990களில் நில விலை எகிறியதும் வைபெல் ஒயின் தொழில் லோடை என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டது. கொடிகளைப் பிடுங்கி வீடுகள் கட்டினார்கள். மலை ஏறி இறங்கியதும் அப்பாவை ஸ்டான்ஃபோர்டு அவென்யூவில் மேற்கு நோக்கிச் சிறிது தூரம் அழைத்துச் செல்லுங்கள். ஒயின் ஆலை இருந்த இடத்தின் கதவிலக்கம் 1250.