ஒன்பது பேரின் வலியைக் கேட்டு எழுதினால் அது ஆராய்ச்சியா?

கணக்குப்பிள்ளை: கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம். அம்மாவுக்குப் பல வருடமாக நாரி நோ, கீழ்முதுகு வலி. கிளினிக்கில் ஒரு பல்கலைக்கழக மாணவி, நாட்பட்ட வலியோடு வாழ்கிறவர்களின் அனுபவத்தை ஆராய்கிறேன், வீட்டுக்கு வந்து ஒன்றரை மணிநேரம் கதைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். மொத்தமே ஒன்பது பேரிடம்தானாம். ஒன்பது பேரின் கதையை வைத்து என்ன முடிவுக்கு வரலாம்? எனக்கு இது பட்டம் வாங்கும் வழியாகத்தான் தெரிகிறது. அம்மாவோ வருகிற பிள்ளைக்குப் பலகாரம் சுட ஆயத்தம், அந்த நாரியோடு.

பிசியோ அக்கா: தம்பி, எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்றுதான் என்னிடம் வருகிறவர்களும் நினைக்கிறார்கள். வலியே இல்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேரின் முதுகுப் படங்களை ஆராய்ந்த தொகுப்பாய்வு ஒன்று 2015இல் வந்தது. 20 வயதினரில் 37 சதவீதமானோருக்கும், 80 வயதினரில் 96 சதவீதமானோருக்கும் முள்ளந்தண்டு வட்டில் தேய்வு. படத்தில் தேய்வு, ஆளுக்கு நோவில்லை. மறுவளமாக, படம் சுத்தமாக இருக்கும், ஆள் நிமிர முடியாமல் நிற்பார். பிறகு யாரிடம் கேட்பது, படத்திடமா? வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று குறிப்பிலேயே எழுதிவிட்டது.

கணக்குப்பிள்ளை: மதிப்பது வேறு, அளப்பது வேறு அக்கா. வலி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை எண் கேட்கிறார்கள்தானே? அதை 900 பேரிடம் கேட்கட்டும்.

பத்துக்கு ஏழு: அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லி அலுத்தவள் நான். ஐந்து என்றால் கவனிக்க மாட்டார்கள். ஒன்பது என்றால் நடிக்கிறாள் என்பார்கள். அதனால் ஏழு. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் இருக்க இடம் கேட்டு, "இளம் பிள்ளைதானே" என்ற பார்வையை வாங்கியது அந்த ஏழில் எங்கே இருக்கிறது? இப்படி யோசித்துச் சொன்ன 900 ஏழுகளின் சராசரியை என்ன செய்வீர்கள்?

அதற்காக அந்த மாணவியின் பக்கமும் இல்லை. என்னிடமும் வந்து பதிந்துகொண்டு போயிருக்கிறார்கள். முடிவு என்ன என்று சொல்ல ஒருவரும் திரும்பி வரவில்லை. கதைத்த களைப்பில் மறுநாள் எழும்ப முடியாமல் கிடந்தது மட்டும் மிச்சம்.

கணக்குப்பிள்ளை: நீங்களே என் கட்சிக்கு வாதாடுகிறீர்கள். யோசித்துச் சொன்ன எண்ணை நம்ப முடியாது என்றால், யோசித்துச் சொன்ன கதையை மட்டும் எப்படி நம்புவது? வீடு தேடி வந்த பிள்ளையின் மனம் கோணாமல்தான் அம்மா கதைப்பார்.

மருதானையான்: எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கு ஒன்பது பேர் போதாதுதான். அந்த மாணவி அப்படி எழுதினால் பரீட்சகர்களே விடமாட்டார்கள். இந்த வகை ஆய்வு தேடுவது, நாம் கேட்கவே மறந்த கேள்வி எது என்பதை.

ஒரு உதாரணம். முடக்குவாத மருந்துச் சோதனைகளில் எதையெல்லாம் அளக்க வேண்டும் என்று 1990களில் நிபுணர்கள் பட்டியல் போட்டார்கள். மூட்டு வீக்கம், வலி, இரத்தப் பரிசோதனை எல்லாம் இருந்தன. 2002இல் ஒமராக்ட் என்ற சர்வதேசக் குழு அவுஸ்திரேலியாவில் கூடியபோது நோயாளிகள் சிலரையும் அழைத்தது. அவர்கள் களைப்பைப் பற்றிப் பேசினார்கள். பட்டியலைப் பார்த்தால் களைப்பு என்ற ஒன்றே இல்லை! அதற்குப் பிறகுதான் ஆய்வுகள் நடந்து, இயன்ற இடமெல்லாம் களைப்பையும் அளக்கும்படி அந்தக் குழு சொன்னது. நிபுணர்களின் பட்டியலில் விடுபட்டதை அந்தச் சிறு கூட்டம்தான் எடுத்துக் கொடுத்தது.

கணக்குப்பிள்ளை: சரி, அந்த உதாரணம் நல்லது. ஆனால் அங்கே பிறகு அளந்தார்கள்தானே? இங்கே ஒன்பது பேரோடு நிற்கும், ஆய்வேடு நூலகத்தில் தூங்கும்.

பத்துக்கு ஏழு: தூங்கத்தான் போகிறது என்றால் அம்மா மறுக்கலாம், இடையிலும் நிறுத்தலாம். ஆனால் அந்தப் பிள்ளை தமிழில் கதைக்கிறவளா என்று முதலில் கேளுங்கள். எங்கள் கிளினிக் வரிசையில் நிற்கும் தமிழ் அம்மாக்கள் பலருக்குச் சிங்களம் மட்டுமட்டு. கூட வந்த பேரன்தான் வைத்தியருக்குச் சொல்வான். கக்கூசில் குந்த முடியவில்லை, இரவில் புரண்டு படுக்க முடியவில்லை என்பதையெல்லாம் பேரனிடம் எந்தக் கிழவி சொல்லப் போகிறாள்? "நாரி நோகுதாம்" என்று இரண்டு சொல் போய்ச் சேரும். கிளினிக் கொப்பியில் அதுதான் ஏறும், மருந்துத் துண்டும் அதற்குத்தான். இப்படிப்பட்டவர்களிடம் தனியாக இருந்து கேட்டால் ஒன்பது பேரும் பெரிய விஷயம்.

இன்னொன்று. கதைக்கும்போது நீங்கள் அந்த அறையில் இருக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை: நான் ஏன் இருக்கக் கூடாது? மகன்தானே.

பிசியோ அக்கா: அதனால்தான்.

கணக்குப்பிள்ளை: மாணவி தமிழ்ப் பிள்ளைதான். நான் அன்றைக்குக் கடைக்குப் போய்விடுகிறேன், முடிவை எழுதித் தரச் சொல்லியும் கேட்கிறேன். ஆனாலும் ஒன்பது காணாது. முப்பது பேராவது வேண்டும்.

மருதானையான்: ஒன்றரை மணிநேரப் பதிவை ஒரு சொல் விடாமல் எழுத்தாக்க ஒரு நாள் முழுக்கப் போகும் ஐயா. முப்பது பேருக்கு யார் காசு கொடுப்பது, நீங்களா?