குழுவுக்குள் யாருக்கு யார்? படம் வரைந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அரசுப் பள்ளி ஆசிரியை:

பி.எட். உளவியல் ரெக்கார்டில் சோசியோகிராம் வரைந்தோமே, ஒரு குழுவில் யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று காட்டும் படம், நினைவிருக்கிறதா? நான் அப்போது தோழியின் படத்தைப் பார்த்து அப்படியே வரைந்து கையெழுத்து வாங்கியவள். உண்மையாக வரைந்தது இந்த வருடம்தான்.

எட்டாம் வகுப்பு, 34 பேர். அறிவியல் கண்காட்சிக்கு வருகைப் பதிவேட்டு வரிசையில் குழு பிரித்தேன்; தினமும் பஞ்சாயத்து. ஒருநாள் துண்டுச்சீட்டு கொடுத்து, “யாரோடு சேர்ந்து மாடல் செய்ய ஆசை? மூன்று பெயர் எழுதுங்கள்” என்றேன். யாரைப் பிடிக்காது என்று கேட்கவில்லை, அது வீண் வம்பு. ராத்திரி சார்ட்டில் ஆளுக்கொரு வட்டம் போட்டு, எழுதியவரிடமிருந்து அவர் எழுதிய பெயருக்கு அம்பு இழுத்தேன்.

வகுப்புத் தலைவனுக்கு வந்தது இரண்டே அம்பு. வாயே திறக்காத ஒரு பெண்ணுக்கு 11. லீவு போட்டவர்களுக்கெல்லாம் நோட்டு கொடுப்பவள் அவள்தானாம். பையன்களிடமிருந்து பெண்கள் பக்கம் போன அம்புகள் நான்கு, நான்கும் அவளுக்கே. அதில் ஒன்று கடைசி பெஞ்ச் பையனுடையது. அவனிடமிருந்து மூன்று அம்பு போகிறது, அவனைத் தேடி ஒன்றுகூட வரவில்லை.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ. 1932-இல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் ஊரில், சிறுமிகளுக்கான சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரத்தில் 14 பேர் ஓடிப்போனார்கள். அவர் ஒவ்வொருத்தியின் குணத்தையும் குடையவில்லை. தனித்தனி விடுதிகளில் இருந்தவர்களுக்குள் யாரோடு யாருக்கு ஒட்டுதல் என்று வரைந்து பார்த்தார். அவரோடு வேலை செய்த ஹெலன் ஜென்னிங்ஸ் ஆசிரியர்களுக்குச் சொன்ன வழி ஒன்று உண்டு: யாரும் கேட்காத பிள்ளைக்கு, அது முதலில் எழுதிய பெயரைக் கொடுத்துவிடு. அப்படியே அந்தக் கடைசி பெஞ்ச் பையனை அவள் குழுவில் போட்டேன். மாடலுக்கு ஒயரிங் முழுக்க அவன்தான். அவன் அப்பா எலக்ட்ரீஷியன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

திருப்பூர், பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர்:

எங்கள் ஆபீஸில் கேள்வி வேறு: “வேலையில் சிக்கினால் யாரிடம் போவாய்?” பாதிப் பேரின் கோடு பேக்கிங் அக்காவிடம் போய் முடிந்தது. அவர் லீவு எடுத்தால் ஏன் எல்லாமே நிற்கிறது என்று அன்றுதான் புரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மேனேஜர் அந்தப் படத்தைப் பெயரோடு சுவரில் ஒட்டிவிட்டார். கோடே வராத ஒரு கட்டிங் மாஸ்டர், நல்ல கைகாரர், அடுத்த மாதமே கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார்.

மகளிர் குழுக்களோடு வேலை பார்த்தவர்:

நாங்கள் போட்டது சப்பாத்திப் படம். பெரிதும் சிறிதுமாகக் காகித வட்டங்கள் வெட்டி, நமக்கு முக்கியமானது பெரியது, நெருக்கமானது பக்கத்தில் என்று பெண்களையே தரையில் வைக்கச் சொல்வது. வங்கியைப் பெரிய வட்டமாக எடுத்து, திண்ணை ஓரம்வரை தள்ளி வைத்தார்கள். எங்கள் அலுவலகம்? சின்ன வட்டம், வங்கிக்கும் அப்பால். சிரித்து மழுப்பினோம். ஆனால் யார் யாரிடம் கைமாற்று வாங்குவார்கள் என்று கேட்டதும் அத்தனை பேரும் கப்சிப். அதைப் பொதுவில் கேட்டது எங்கள் தப்பு. தனித்தனியாக உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, குழுத்தலைவியே நான்கு பேரிடம் கடன் வாங்கியிருந்தார்.

மெர்ச்சண்டைசர்:

டீச்சர், அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான்?

ஆசிரியை:

ஜனவரியில் மறுபடி சீட்டு வாங்கினேன். இந்த முறை அவனுக்கு ஒரு அம்பு. அவளிடமிருந்து இல்லை, அதே குழுவில் பேட்டரி பிடித்துக்கொண்டிருந்த பையனிடமிருந்து. சார்ட் என் பீரோவில்தான் இருக்கிறது, பூட்டி.